பெட்டி வாங்கினவன்

உட்காருங்க தம்பி, தாராளமாக உட்காருங்க. அந்தப் பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், நானே மடியில் வைத்துக்கொள்கிறேன். கனமா? கனமெல்லாம் இல்லை. காலிப் பெட்டி. கண்டக்டரும் இதையேதான் கேட்டார். இத்தனை பெரிய அட்டைப்பெட்டியோடு ஏறுகிறீர்களே, உள்ளே என்ன என்றார். உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள்ளே ஒன்றுமில்லை என்றேன். சிரித்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால் இப்போதெல்லாம் சிரிக்கிறார்கள்.

காலடியில் வேட்டியில் சுற்றி ஒரு மூட்டை இருக்கிறதே, அதை மட்டும் மிதித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் அதற்குள்தான் இருக்கிறது. ஆமாம், பெட்டி தனி, கம்ப்யூட்டர் தனி. கழுத்தில் அட்டை தொங்குகிறதே, நீங்கள் அந்தத் தொழில்தானே? உங்கள் கம்பெனியில் சங்கம் உண்டா? இல்லை என்பீர்கள். தெரியும். அதைப் பேச ஆரம்பித்தால் பஸ் சூலூரே போய்விடும், நான் மில் கேட்டில் இறங்க வேண்டும்.

என் பெயர் சென்னியப்பன். தோழர் சென்னியப்பன் என்றால் ஒரு காலத்தில் சிங்காநல்லூரிலிருந்து இருகூர் வரைக்கும் டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். நான் கையைத் தூக்கினால் அமுதவல்லி மில்லில் எல்லா ஷிப்டும் நிற்கும். படிப்பா? நான் படித்ததெல்லாம் நோட்டீஸ். மில் வாசலில் கொடுப்பார்களே, அந்தத் துண்டுப்பிரசுரம். அதில்தான் எழுத்துக் கூட்டினேன். அதைப் பார்த்துத்தான் எழுதவும் பழகினேன். அப்புறம் இந்த வட்டாரத்தில் வந்த நோட்டீஸ் எல்லாம் என் கை எழுதியதுதான். அதனால் எனக்குப் பேச்சே அச்சில் ஏறினது மாதிரி வரும். சோறு போடு என்பதைக் கூடத் தீர்மானம் வாசிக்கிற மாதிரி சொல்றீங்க என்பாள் என் வீட்டுக்காரி பாவாத்தாள்.

சரி, பெட்டி.

எங்கள் சங்கத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எழுத ஆள் வேண்டுமே. எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தவர்களில் மிச்சம் நான்தான். எழுதினேன். அச்சகத்தில் இப்போது கையெழுத்துப் பிரதியை வாங்குவதில்லையாம், கம்ப்யூட்டரில் அடித்துத்தான் கொடுக்க வேண்டுமாம். எங்கள் பழைய தோழர் ஒருவரின் மகள் மில் குவார்ட்டர்ஸ் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். பெயர் வாலண்டினா. பெயரைக் கவனித்தீர்களா? நான் வைத்த பெயர். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர். பெற்றவள் வாயில் அது நுழையவே இல்லை, கடைசிவரைக்கும் வாலம்மா என்றுதான் கூப்பிட்டாள். அந்த வாலண்டினாவிடம் போய் அடித்துத் தருகிறாயா என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் அடிக்க மாட்டேன், அவர் எழுதியதை அவர் கையாலேயே அடிக்கட்டும், மிஷின் வேண்டுமானால் கொடுக்கிறேன் என்றிருக்கிறாள்.

கொடுத்தாள். சொன்ன சொல் தவறவில்லை. ஆட்டோவில் வந்து இறங்கியது. திரை, தட்டச்சுப் பலகை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் என்று எதைச் சொல்கிறோமோ அது ஒரு பிளைவுட் பலகையின் மேல் கிடக்கிறது தம்பி. பச்சைத் தகடு, ஒயர், ஒரு சின்னக் காற்றாடி, எல்லாவற்றையும் பலகையில் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறாள். உரித்த கோழி மாதிரி. மேலே மூடிக்கொள்ளப் பெட்டி இல்லை. எங்கேயப்பா பெட்டி என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"பெட்டி மட்டும் தோழரே வாங்கிக்கோணுமாமுங்க. அக்கா அப்படியே சொல்லச் சொன்னாங்க."

அத்தனையும் கொடுத்துவிட்டு ஒரு தகரப் பெட்டியில் கஞ்சத்தனம் பார்க்கிறாளே என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

பெட்டி இல்லாமலும் அது ஓடும். ஓடியது. கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது.

சுவிட்சைப் போட்டால் அந்தக் காற்றாடி உடனே சுற்றாது. முதலில் ஒரு கரகரப்பு. நின்றுவிடும். மறுபடி ஒரு கரகரப்பு. மேடையில் பேசிப் பழக்கமில்லாத ஆளை மைக் முன்னால் நிறுத்தினால், மைக்கில் விழும் என்று தெரியாமல் தொண்டையைச் செருமுவானே, அச்சு அசல் அந்தச் சத்தம். செருமிவிட்டு அடுத்தது பேச வேண்டியதுதான். அதற்குள் நான் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

அந்தச் செருமல் எனக்குத் தெரியும். ஆறுக்குட்டியின் செருமல்.

அப்படிப் பார்க்காதீர்கள். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதையெல்லாம் எதிர்த்து நோட்டீஸ் போட்டவன் நான். ஆனால் பட்டப்பகலில், பாவாத்தாள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, என் மேசைமேல் செத்துப்போன ஒருத்தன் தொண்டையைச் செருமினால் நான் என்ன செய்வது? பாவாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டாள். முகம் மாறிவிட்டது அவளுக்கு. வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "பேசத்தானே வாராரு. பேச விடுங்களேன்."

பெண்கள் அப்படித்தான், எல்லாவற்றையும் மனசில் போட்டுக்கொள்வார்கள். இது பெட்டி இல்லாததால் வருகிற சத்தம், நல்ல கனமான பெட்டியாக வாங்கி மூடிவிட்டால் அடங்கிவிடும் என்றேன். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் இன்றைக்குக் காந்திபுரம் வந்தது. ஏனென்றால் புத்தகத்தில் மற்ற அத்தியாயம் எல்லாம் அடித்து முடித்தாயிற்று. கடைசி வேலைநிறுத்தம் மட்டும் பாக்கி. அதை அடிக்க உட்காரும்போதுதான் அவன் செருமுகிறான். அதை மட்டும் விட்டுவிட்டுப் புத்தகம் போட முடியுமா? அதுதானே வரலாறு.

ஆறுக்குட்டி வாலண்டினாவின் அப்பா. ஸ்பின்னிங்கில் வேலை. நான் செயலாளர், அவன் துணைச் செயலாளர். ஆள் தங்கம், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. பேச்சுத்தான் வராது. எங்கே போனாலும் சைக்கிள். கேரியரில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பான். நோட்டீஸ் கட்டை அதில் வைத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் ஊர் ஊராகக் கொடுத்துவிட்டுத்தான் வருவான். அவனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது நான். மில்லில் உள்விசாரணை வைப்பார்கள், வக்கீல் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, கதை சொல்லாதீர்கள் என்று எல்லாத் தோழர்களுக்கும் பாடம் எடுப்பேன். மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். ஆறுக்குட்டி மறக்க மாட்டான்.

இருங்க, கடைக்குப் போனதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். கடையில் ஒரு பெண் இருந்தாள், ரெஹானா என்று பெயர், கடையே அவளுடையதுதான். என்ன வேணும் தாத்தா என்றாள். கம்ப்யூட்டருக்கு ஒரு கூடு வேண்டும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மூட்டையை அவிழ்த்துப் பலகையைக் காட்டினேன். இதற்கு மேலே போட ஒரு கூடு என்றேன். ஓ, கேஸா என்றாள். அம்மா, கேஸ் என்மேல் நிறைய இருக்கிறது, புதிதாக ஒன்று வேண்டாம் என்றேன். சரி, கேபினெட்டா என்றாள். கேபினெட்டில் எல்லாம் எங்களை யார் சேர்ப்பார்கள் என்றேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பெட்டி வாங்க வந்தேன்னு சொன்னா முடிஞ்சிது. அதை விட்டுட்டுக் கூடுங்கறீங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தை என் வாயில் வராது தம்பி. பெட்டி என்று சொல்வேன். வாங்குவேன் என்றும் சொல்வேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வராது.

உங்களுக்குத் தெரியாததில்லை. நம் ஊரில் ஒரு தலைவரைப் பார்த்துப் பெட்டி வாங்கிவிட்டான் என்று சொன்னால் என்ன பொருள்? பணப்பெட்டி. எதிராளியிடம் பெட்டி வாங்கிக்கொண்டு சொந்த ஆட்களை விற்றுவிட்டான் என்று பொருள். மேடையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. தாயைப் பழித்தால்கூடக் கைகலப்போடு போய்விடும். இது ஒட்டினால் ஒட்டினதுதான்.

கடைசி வேலைநிறுத்தத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். மில்லைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டோம். மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கமிட்டியில் ஆறுக்குட்டி எழுந்து, தோழர், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடறாங்க, போய்ப் பேசிப் பாக்கலாமுங்க, குழந்தைகளெல்லாம் பட்டினி கிடக்குது என்றான். நான் கூடாது என்றேன். முதலாளி ஆட்டம் கண்டிருக்கும்போது நாம் இறங்கிப் போனால் அது சரணாகதி என்றேன். ஓட்டெடுப்பில் நான் சொன்னதுதான் ஜெயித்தது. அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் மனசில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அதெல்லாம் தெரியும்.

கொஞ்ச நாளில் கிட்டான் வந்தான். கிட்டான் எங்கள் தொண்டர், கண்ணும் காதும் கூர்மை. பந்தலில் என் காதோரம் குனிந்து, முதலாளி பங்களா இருக்கற ரோட்டிலிருந்து ஆறுக்குட்டியண்ணன் வந்தாருங்க, தோளில ஒரு பெட்டி, துணி போட்டு மூடியிருந்துது என்றான். நடந்து வந்தானா, சைக்கிளிலா என்று கேட்டேன். நடந்து என்றான். எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சைக்கிள் இல்லாமல் நாலு வீடு தள்ளிப் போகாத ஆள் தம்பி அவன். குற்றம் செய்தவனுக்குச் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார வருமா? தலையைக் குனிந்து நடந்துதான் வருவான். அந்த ரோட்டில் ஒரு பழைய சாமான் கடை உண்டு. மறுநாள் பார்த்தால் அந்தக் கடை வாசலில் அவனுடைய சைக்கிள் விற்பனைக்கு நிற்கிறது, கேரியரில் அதே சிவப்பு ரிப்பன். பெட்டி வந்த பிறகு சைக்கிள் எதற்கு என்று அதையும் தள்ளிவிட்டான். நோட்டீஸில் அப்படியே ஒரு வரி சேர்த்தேன். 'பெட்டி வந்தது, சைக்கிள் போனது.' நல்ல வரி. ஜனங்கள் வாயில் நின்றது.

ஆனால் நோட்டீஸ் போடும் முன்னால் நான் கேட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. வாசல் கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால், அவனை மேடைக்குக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தினேன்.

"தோழர் ஆறுக்குட்டி, ஒரே கேள்வி. பெட்டி வாங்கினீர்களா, இல்லையா?"

அவன் செருமினான். மைக்கில் கரகரவென்று விழுந்தது. என்னைப் பார்த்தான். பாடம் எடுக்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"வாங்கினேனுங்க தோழர்."

கூட்டம் எப்படி எழுந்தது என்கிறீர்கள். கடல். நானே எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பான் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் இல்லை என்றுதானே சொல்வான்? கேட்டது ஒரு கேள்வி, வந்தது ஒரு பதில், அதற்குமேல் விசாரணை எதற்கு? அவன் மறுபடி செருமினான். "இன்னும் ஒரு வார்த்தை இருக்குதுங்க" என்றான். நான் மைக் செட்காரருக்குக் கையைக் காட்டினேன். அவர் அணைத்துவிட்டார்.

மைக் செத்துப்போனது ஆறுக்குட்டிக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தான். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல். பேசி முடித்துவிட்டு எப்போதும்போல எல்லாருக்கும் கும்பிடு போட்டான். அப்புறம் படி இறங்கினான். யாரும் வழிவிடவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனான்.

நீக்கித் தீர்மானம் போட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டில் யாரோ கல் எறிந்தார்களாம். நான் எறியச் சொல்லவில்லை. என் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள், கல் என்ற வார்த்தையே அதில் கிடையாது.

வேலைநிறுத்தமா? அது முடிந்தது. மில்லே முடிந்தது. ஆறுக்குட்டி சொன்ன நேரத்தில் பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம். உள்ளேயிருந்து ஒருத்தன் விலை போனதால்தான் உறுதி குலைந்தது என்று எழுதியிருக்கிறேன். புத்தகத்திலும் அப்படித்தான் வரும். அந்த அத்தியாயத்தைத்தான் அடிக்க வேண்டும்.

ஒண்டிப்புதூர் தாண்டிவிட்டோமா? இல்லையா, சரி. நேரம் இருக்கிறது.

அப்புறம் அவன் ஏதோ குடோனில் வாட்ச்மேனாக இருந்தான். யாரும் அவனோடு பேசமாட்டார்கள். டீக்கடைக்கு வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். கட்டுப்பாடு, தம்பி. அந்தக் காலத்துக் கட்டுப்பாடு இப்போது வருமா? ஒரு நாள் மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் போனேன். எவ்வளவு இருந்தாலும் கூட நின்றவன். கொடி போர்த்தலாமா என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். நீக்கப்பட்டவருக்குக் கொடி கிடையாது என்பது விதி. நான் விதியைச் சொன்னேன்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். உள்ளறையில் ஒரு மேசை. அதன்மேல் கம்ப்யூட்டர். வெள்ளையாக இருந்து பழுத்துப்போன தகரப் பெட்டி, ஒரு மூலை நசுங்கியிருந்தது, கல் பட்டது மாதிரி. அவன் போட்டோவை அதன்மேல் சாய்த்து மாலை போட்டிருந்தார்கள். எழவு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல், இது எப்போது வாங்கினது என்று கேட்டுவைத்தேன். வாலண்டினா என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இதுதானுங்க தோழர், அப்பா வாங்கின பெட்டி."

பாலிடெக்னிக் படிக்கும்போது, அங்கே தூக்கிப் போட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து பலகையில் அடித்து ஒரு கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்தாளாம். குவார்ட்டர்ஸ் ஓடு ஒழுகும், எலி வேறு ஒயரைக் கடிக்கும், ஒரு பெட்டி வாங்கிக் குடுங்கப்பா என்று அவனை நச்சரித்துக்கொண்டே இருந்தாளாம். வேலைநிறுத்தத்தின்போது ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தானாம், தூசி படக்கூடாது என்று துண்டைப் போட்டு மூடி. சொல்லிவிட்டு, காபி குடிக்கிறீங்களா என்றாள். நான் குடிக்கவில்லை.

பெண் பிள்ளை அப்பாவை விட்டுக்கொடுக்காது. இயற்கை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு பெட்டியைக் காட்டி இதுதான் அது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படியே இருந்தாலும் அவன் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மேடையில் மைக் முன்னால் நிறுத்தினேனே. சொல்லியிருக்கலாமே.

என்ன பார்க்கிறீர்கள்? மைக்கை அணைத்தது அதற்கப்புறம்.

சரி, கடை. அதைப் பாதியில் விட்டுவிட்டேன். ரெஹானாவிடம் சத்தம் வெளியே வராத பெட்டியாகக் கொடு என்றேன். ஒன்று எடுத்து வந்தாள். கறுப்பு, நல்ல கனம், உள்பக்கம் முழுக்கப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. இதில வெச்சா சத்தமே கேக்காது தாத்தா என்று, பலகையிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி உள்ளே பொருத்தி, மூடி, சுவிட்சைப் போட்டாள். சத்தம் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் குறைந்தது என்றால், ஒருத்தனை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திய மாதிரி. உள்ளே செருமுகிறான். கதவைத் திற என்கிற மாதிரி செருமுகிறான். வேண்டாம், எடு எடு என்றேன்.

அடுத்து ஒன்று, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. இப்போது பிள்ளைகளெல்லாம் இதைத்தான் வாங்குகிறார்களாம். எனக்கும் பிடித்தது. ஒளிவு மறைவு இல்லாத பெட்டி. வாழ்நாள் பூராவும் நான் அப்படித்தானே இருந்திருக்கிறேன். மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிகிறது தம்பி. என் முகத்துக்குக் கீழே, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், அந்தக் காற்றாடி. அது நடுங்குகிறது, நிற்கிறது, நடுங்குகிறது. என் தொண்டையிலிருந்து அவன் செருமுகிறான்.

உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். இதற்குப் பெட்டியே தேவையில்லை தாத்தா, காற்றாடி வறண்டுபோயிருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சின்னக் குப்பியை எடுத்துவிட்டாள். மூடியைத் திறந்தும்விட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்றேன்.

ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள். அவள் கேட்டாள். இது வாலண்டினா கொடுத்த மிஷின், அவளைக் கேட்காமல் அதில் கை வைக்கக்கூடாது என்று ஏதோ சொன்னேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கடைசியில் நானே ஒன்றைக் காட்டினேன். அலமாரியில் கீழே கிடந்தது. விளக்கு, கண்ணாடி ஒன்றும் கிடையாது. முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னத் துளை, காற்றுப் போவதற்கு. பார்த்தால் மைக்கின் முகம் மாதிரியே இருக்கும். அவள் சொன்னாள், இதில் சத்தம் அடங்காதுங்களே, அப்படியே வெளியே வருமே, அதுக்குத்தானே வந்தீங்க என்று. தெரியும், இதையே கொடு என்றேன். மாட்டித் தரட்டுமா என்றாள். வேண்டாம், பலகையில் பழையபடி முடுக்கிக் கொடு, பெட்டியைக் காலியாகக் கொடு என்றேன். வாலண்டினா அரைகுறையாகக் கொடுத்தாள், அவளே மாட்டி முடிக்கட்டும். வாங்கிக்கொள்ளச் சொன்னாள், வாங்கிவிட்டேன், காட்ட வேண்டாமா? அவ்வளவுதான் விஷயம். நீங்கள் வேறு ஏதாவது அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதோ மில் கேட் வந்துவிட்டது. மில் எங்கே என்கிறீர்களா? அந்தக் கல்யாண மண்டபம்தான். கேட் மட்டும் பழையது, விட்டுவைத்திருக்கிறார்கள். டீக்கடையும் அதே கடைதான். பழைய ஆட்கள் இந்த நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அதைத் தாண்டித்தான் வாலண்டினா வீட்டுக்குப் போக வேண்டும். ஆட்டோ பிடித்து நேரே வீட்டு வாசலில் இறங்கியிருக்கலாம் என்கிறீர்கள். இறங்கியிருக்கலாம். அவன் இந்த வழியாகத்தான் நடந்து வந்தான்.

கொஞ்சம் பிடியுங்க தம்பி. நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஜன்னல் வழியாக... நுழையாது, படி வழியாகவே கொடுங்க. மூட்டை. ஆ, பார்த்து. பெட்டியைத் தோளில் வைத்துவிடுங்க. இப்படி. துண்டு? துண்டு வேண்டாம், மூட வேண்டாம், தெரியட்டும்.

அங்கே கை ஆட்டுகிறானே, அவன்தான் கிட்டான். சொன்னேனே, அன்றைக்குப் பார்த்துவிட்டு வந்து சொன்னவன். இன்னும் கண் கூர்மை. என்னவோ கத்துகிறான். கேட்கிறதா உங்களுக்கு?

"ஏனுங்க தோழர், கடைசீல நீங்களும் பெட்டி வாங்கீட்டீங்களாட்ட இருக்குது!"

கடை முழுக்கச் சிரிக்கிறது. விளையாட்டுக்குத்தான் கேட்கிறான், பாவம், ஒன்றும் தெரியாது அவனுக்கு.

ஆமாம் கிட்டா. வாங்கினேன்.

சிரிக்கிறார்கள் பாருங்க. பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கொஞ்சம் இருங்கப்பா. தொண்டை கட்டிக்கொண்டது, இருங்க, செருமிக்கொள்கிறேன். தம்பி, கண்டக்டரை விசில் ஊத வேண்டாம் என்று சொல்லுங்க. நீங்களாவது கேட்டுவிட்டுப் போங்க. இன்னும் ஒரு வார்த்தை இருக்குது...